புரொஜெக்டரின் கதை: மந்திர விளக்கு முதல் லேப்டாப் வரை

கருத்தரங்கு தொடங்க இன்னும் இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. லேப்டாப் திறந்திருக்கிறது. ஸ்லைடுகள் தயார். கேபிளும் செருகியாகிவிட்டது. ஆனால் சுவரில் வெறும் நீலத் திரை, அதன் நடுவில் 'நோ சிக்னல்' என்ற இரண்டு சொற்கள் மட்டும். பேச வந்த மாணவர் கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகுகிறார். முன்வரிசையிலிருந்து ஆளுக்கொரு யோசனை. "ரீஸ்டார்ட் பண்ணு", "அந்த எஃப்என் பட்டனை அமுக்கு", "கேபிள்தான் போச்சு". கடைசி வரிசையில் சிரிப்பு. மூன்று வாரம் உழைத்துத் தயாரித்த பேச்சு, தொடங்கும் முன்பே பாதி செத்துப்போகிறது.

சுவரில் படம் காட்டும் கலைக்கு வயது 360க்கும் மேல். அதில் மிக நீண்ட காலம், பெரிய அரங்குகளில் பேசுகிறவர் ஒருவர், படத்தைக் காட்டுகிறவர் இன்னொருவர். சினிமாக் கொட்டகையில் 'ஆபரேட்டர்' என்று சொல்வார்களே, அவரைப் போன்ற ஓர் ஆள் பின்னால் நின்றிருப்பார். படம் வரவில்லை என்றால் அது அவர் பிரச்சனை. அந்த ஆள் எப்போது, எப்படிக் காணாமல் போனார்? அவர் வேலை யார் தலையில் விழுந்தது? புரொஜெக்டரின் வரலாறு என்பது ஒரு வகையில் இந்தக் கேள்விக்கான பதில்தான்.

வெட்கப்பட்ட விஞ்ஞானி

நெதர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டியான் ஹைகன்ஸ் பெரிய விஞ்ஞானி. சனிக் கோளின் வளையத்தைச் சரியாக விளக்கியவர், ஊசல் கடிகாரத்தை உருவாக்கியவர். 1659ஆம் ஆண்டு அவர் தன் குறிப்பேட்டில் சில சிறிய படங்களை வரைந்தார். ஓர் எலும்புக்கூடு தன் தலையைக் கழற்றி மறுபடி மாட்டுவது போன்ற படங்கள். ஒரு விளக்கு, குவிலென்சு, கண்ணாடியில் வரைந்த படம் இவற்றைக் கொண்டு சுவரில் உருவங்களைக் காட்டுவதற்காக வரையப்பட்டவை அவை. 'மந்திர விளக்கு' என்று பின்னால் பெயர் பெற்ற கருவியின் தொடக்கம் இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், ஹைகன்ஸுக்கு இந்தக் கண்டுபிடிப்பு கொஞ்சமும் பெருமையாக இல்லை. 1662ல் அவருடைய தந்தை அந்த விளக்கைப் பாரிசுக்கு அனுப்பச் சொன்னார். பிரெஞ்சு அரசவையில் காட்டுவதாகத் திட்டம். இப்படி ஒரு விளையாட்டுப் பொருளால் குடும்பத்தின் பெயர் கெட்டுவிடும் என்று ஹைகன்ஸ் பயந்தார். தந்தையிடம் மறுத்துப் பேசவும் முடியவில்லை. எனவே பாரிசில் இருந்த தம்பிக்கு ஒரு கடிதம் எழுதினார். விளக்கு வந்து சேர்ந்ததும் அதிலிருந்து ஒரு லென்சைக் கழற்றிவிடு, வேலை செய்யாமல் போகட்டும் என்பதுதான் கடிதத்தின் சாரம்! இன்று படம் வரவில்லையே என்று மாணவர்கள் தவிக்கிறார்கள். இதை முதலில் உருவாக்கியவரோ படம் வந்துவிடக் கூடாதே என்று தவித்தார்.

ஹைகன்ஸின் விளக்கில் இருந்த அடிப்படை இன்றும் மாறவில்லை. பலமான ஓர் ஒளி, அதன் வழியில் நின்று வேண்டிய இடத்தில் தடுத்து, வேண்டிய இடத்தில் விடுகிற ஒரு 'கதவு', வெளியே வரும் ஒளியைப் பெரிதாக்கும் லென்சு. இந்த மூன்றும்தான் புரொஜெக்டர். அன்று அந்தக் கதவு வண்ணம் தீட்டிய கண்ணாடித் துண்டு. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒளியை மாற்றியதும் கதவை மாற்றியதும்தான்.

"அடுத்த படம்!"

முதலில் மாறியது ஒளி. எண்ணெய் விளக்கின் வெளிச்சம் ஒரு சிறிய அறைக்குத்தான் போதும். 19ஆம் நூற்றாண்டில் 'சுண்ணாம்பு விளக்கு' வந்தது. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து எரியும் சுடரைச் சுண்ணாம்புக் கட்டியின் மேல் பாய்ச்சினால் கட்டி கண் கூசும் வெண்மையாக ஒளிரும். அந்த ஒளியில் நூற்றுக்கணக்கானோர் அமர்ந்த அரங்குகளில் படம் காட்ட முடிந்தது. 1850 வாக்கில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் லாங்கன்ஹைம் சகோதரர்கள் புகைப்படத்தையே கண்ணாடியில் பதித்து ஸ்லைடாக்கினார்கள். அதன் பிறகு நிலவியல், வானியல், பயணம் என்று எல்லாச் சொற்பொழிவுகளிலும் மந்திர விளக்கு புகுந்துவிட்டது.

ஆனால் இரண்டு வாயுக்களையும் கையாள்வது ஆபத்தான வேலை. கொஞ்சம் கவனம் தப்பினாலும் வெடித்துவிடும். அதனால் விளக்குக்கென்று பயிற்சி பெற்ற ஆள் தேவைப்பட்டார். பேச்சாளர் மேடையில் நின்று கோலால் தட்டுவார் அல்லது மணி அடிப்பார். பின்னால் இருப்பவர் ஸ்லைடை மாற்றுவார். "அடுத்த படம்" என்று பேச்சாளர்கள் சொல்லும் வழக்கம் இப்படித்தான் நிலைபெற்றது. எதிரே ஆள் இருந்ததால்தான் அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது.

20ஆம் நூற்றாண்டில் மின்விளக்கு வந்ததும் சிறிய அறைகளில் இந்த ஆளின் தேவை குறைந்தது. 1961ல் கோடாக் நிறுவனம் வெளியிட்ட வட்டத் தட்டு ஸ்லைடு புரொஜெக்டரும், 1960களில் பள்ளிகளில் பரவிய ஓவர்ஹெட் புரொஜெக்டரும் ஆசிரியரே இயக்கக் கூடியவை. ஆனால் வேலை முற்றிலும் குறைந்துவிடவில்லை. ஒரு வண்ண ஸ்லைடு வேண்டுமென்றால் படத்தை வரைந்து, புகைப்படம் எடுத்து, ஃபிலிமைக் கழுவி, சட்டத்தில் பொருத்த வேண்டும். அதற்கென்று தனிக் கடைகள் இருந்தன. முதல் நாள் இரவு ஒரு எண்ணை மாற்ற வேண்டுமென்றால் முடியாது. அதாவது ஆபரேட்டர் அரங்கிலிருந்து கடைக்கு இடம் மாறினார், அவ்வளவுதான்.

எண்ணெயில் வரைந்த படம்

ஸ்லைடு அசையாத படம். தொலைக்காட்சி போல் நொடிக்கு நொடி மாறும் படத்தைப் பெரிய திரையில் காட்டுவது எப்படி? இதற்கு முதலில் நல்ல விடை கண்டவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷர். 1939ல் அவருக்கு வந்த யோசனை 1943ல் ஒரு மாதிரிக் கருவியாக வேலை செய்தது. அதன் பெயர் 'ஐடோஃபோர்'. கிரேக்க மொழியில் 'உருவம் தாங்கி' என்று பொருள்.

அதன் கதவு ஒரு விசித்திரமான கதவு. வெற்றிட அறைக்குள் ஒரு குழிக் கண்ணாடி, அதன் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம். எலெக்ட்ரான் கற்றை அந்த எண்ணெயின் மேல் ஓடி மின்னேற்றம் செய்யும். மின்னேற்றம் விழுந்த இடத்தில் எண்ணெய் நுணுக்கமாகச் சுருங்கி அலையாகும். எண்ணெய் மட்டமாக இருக்கும் இடத்தில் பட்ட ஒளி தடுப்புக் கம்பிகளில் மோதித் திரும்பிவிடும். அலை உள்ள இடத்தில் பட்ட ஒளி விலகி, கம்பிகளின் இடைவெளி வழியாகத் திரைக்குப் போகும். நொடிக்குப் பல முறை எண்ணெயில் படத்தை வரைந்து அழித்து வரைந்தது இந்த இயந்திரம். நாசாவின் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில் அப்போலோ விண்பயணங்களின் போது பெரிய திரைகளில் தகவல் காட்டியவை ஐடோஃபோர்கள்தான். ஃபிஷர் 1947லேயே இறந்துவிட்டார். தன் எண்ணெய்ப் படலம் நிலவுப் பயணத்துக்குத் துணை நின்றதை அவர் பார்க்கவில்லை.

ஐடோஃபோர் பெரியது, விலை அதிகம், கூடவே பொறியாளர் வேண்டும். இதற்கு மாற்றாக வந்தது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று படக்குழாய்கள் கொண்ட புரொஜெக்டர். 1972ல் அமெரிக்காவின் ஹென்றி க்ளாஸ் வீட்டுக்கே இப்படி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இதில் கதவு கிடையாது. குழாய்களே ஒளிரும். ஆனால் மூன்று நிறப் படங்களும் திரையில் துல்லியமாக ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். கருவியைக் கொஞ்சம் நகர்த்தினாலும் மறுபடி கட்டங்கள் போட்ட படத்தை ஓடவிட்டு, மூன்றையும் பொறுமையாகப் பொருத்த வேண்டும். கூரையில் மாட்டியபின் யாரும் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது. ஆக, ஆபரேட்டர் இன்னும் இருந்தார்.

திரவமும் படிகமும்

டிஜிட்டல் புரொஜெக்டரில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஒன்று எல்சிடி, மற்றொன்று டிஎல்பி.

எல்சிடியின் மூலப்பொருள் பழசு. 1888ல் ஃபிரீட்ரிஷ் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஒரு பொருளைச் சூடாக்கும்போது அது இரண்டு முறை உருகுவதைக் கவனித்தார். இடைப்பட்ட நிலையில் அது திரவம் போல் ஓடியது, படிகம் போல் ஒளியைக் கையாண்டது. இதுவே திரவப் படிகம். கிட்டத்தட்ட எண்பது ஆண்டுகள் இதற்குப் பெரிய பயன் எதுவும் கிடைக்கவில்லை. 1970ல் சுவிட்சர்லாந்தில் மார்ட்டின் ஷாட்டும் வோல்ஃப்காங் ஹெல்ஃப்ரிஷும் இதை ஒளிக்கதவாக்கும் நல்ல வழியைக் கண்டார்கள்.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒளி அலை பல திசைகளில் அதிரும். போலரைசர் என்ற தகடு ஒரே திசை அதிர்வை மட்டும் விடும். இரண்டு தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் ஒளி போகவே போகாது. நடுவில் திரவப் படிகத்தை முறுக்கிய நிலையில் வைத்தால், அது ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பிவிடும், ஒளி கடந்துவிடும். மின்னழுத்தம் கொடுத்தால் முறுக்கு அவிழும், ஒளி நிற்கும். பாதி மின்னழுத்தம் கொடுத்தால் பாதி ஒளி. இப்படி லட்சக்கணக்கான நுண்கதவுகளை ஒரு சிறிய பலகையில் அடுக்கினால் படம் தயார்.

முதலில் இதைச் சுவரில் காட்டிய விதம் கொஞ்சம் நாட்டு வைத்தியம் போன்றது. ஓவர்ஹெட் புரொஜெக்டரின் மேல், பிளாஸ்டிக் தாளுக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் எல்சிடி பலகையை வைத்து, அதைக் கணினியோடு இணைத்தார்கள். 1986ல் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் தொடங்கிய இன்ஃபோகஸ் நிறுவனம் இப்படிப்பட்ட பலகைகளால்தான் வளர்ந்தது. படம் மங்கல், கீழேயிருந்து வரும் சூட்டில் பலகையும் தடுமாறும். ஆனாலும் கணினித் திரையைச் சுவரில் பார்த்தவர்களுக்கு அது அதிசயம்.

1989ல் ஜப்பானின் சீக்கோ எப்சன் தன் முதல் எல்சிடி புரொஜெக்டரான விபிஜே-700ஐ வெளியிட்டது. இதில் விளக்கின் வெள்ளை ஒளியைச் சிறப்புக் கண்ணாடிகள் சிவப்பு, பச்சை, நீலமாகப் பிரிக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எல்சிடி பலகை. மூன்றும் ஒரு பட்டகத்தில் மறுபடி ஒன்று சேர்ந்து லென்சு வழியாக வெளியே போகும். மூன்று நிறங்களையும் பொருத்தும் வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது. கருவியை எங்கே தூக்கிப் போனாலும் பொருத்தம் மாறாது. படக்குழாய்க் காலத்து ஆபரேட்டரின் முக்கிய வேலை ஒன்று இங்கே போயிற்று.

பத்து ஆண்டுத் தோல்வி

டிஎல்பியின் கதை லாரி ஹார்ன்பெக்குடையது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் இயற்பியலாளராக இருந்த அவர், 1977ல் ஒரு சில்லின் மேல் வளையக்கூடிய கண்ணாடிப் படலத்தை அமைத்து ஒளியைக் கட்டுப்படுத்த முயன்றார். எவ்வளவு மின்னழுத்தமோ அவ்வளவு வளைவு, எவ்வளவு வளைவோ அவ்வளவு ஒளி என்பது திட்டம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லாக் கண்ணாடிகளும் ஒரே அளவு வளைய வேண்டுமே! ஏறத்தாழ பத்து ஆண்டுகள் போராடியும் படம் சீராக வரவில்லை.

1987ல் அவர் கேள்வியையே மாற்றினார். கண்ணாடி எவ்வளவு சாய்கிறது என்ற கவலையே வேண்டாம். இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம், இரண்டே நிலை. ஒரு பக்கம் சாய்ந்தால் ஒளி லென்சுக்குப் போகும். மறுபக்கம் சாய்ந்தால் ஒளி கருவிக்குள்ளேயே வீணாகும். அப்படியானால் சாம்பல் நிறம் எப்படி வரும்? நேரத்தால் வரும்! கண்ணாடி நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அசைகிறது. பாதி நேரம் இந்தப் பக்கமும் பாதி நேரம் அந்தப் பக்கமும் இருந்தால் கண்ணுக்குப் பாதி வெளிச்சமாகத் தெரியும். அளவைக் கைவிட்டு நேரத்தைப் பிடித்ததுதான் ஹார்ன்பெக்கின் வெற்றி.

முதல் படக் கருவிகளில் ஒவ்வொரு கண்ணாடியும் சுமார் 16 மைக்ரான் சதுரம். ஒரு தலைமுடியின் தடிமனில் நான்கைந்து கண்ணாடிகளை வரிசையாக வைக்கலாம். 1024க்கு 768 படம் என்றால் 7,86,432 கண்ணாடிகள். நிறத்துக்கு விளக்கின் முன் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் கொண்ட சக்கரம் வேகமாகச் சுழலும். ஒரு நேரத்தில் ஒரு நிறப் படம்தான் சுவரில் விழுகிறது. மூன்றையும் சேர்ப்பது நம் மூளை. தலையைச் சட்டென்று திருப்பினால் சிலருக்கு ஓரங்களில் வானவில் கோடுகள் தெரிவது இதனால்தான்.

இந்தச் சில்லின் முதல் வணிகப் பயன் படம் காட்டுவதல்ல. 1990ல் விமான டிக்கெட் அச்சிடும் இயந்திரத்தில்தான் அது முதலில் வேலைக்குச் சேர்ந்தது! டிஎல்பி புரொஜெக்டர்கள் விற்பனைக்கு வந்தது 1996ல். 1999 ஜூன் 18 அன்று ஸ்டார் வார்ஸ் வரிசைப் படம் அமெரிக்காவில் நான்கு திரைகளில் ஃபிலிம் இல்லாமல் காட்டப்பட்டது. அதில் இரண்டு திரைகளில் ஓடியது ஹார்ன்பெக்கின் கண்ணாடிகள். 2015ல் அவருக்கு ஆஸ்கர் சிலையே கொடுத்தார்கள்.

சென்னையில் 1986ல் தொடங்கப்பட்ட ரியல் இமேஜ் நிறுவனம் உருவாக்கிய 'கியூப்' முறையும் இந்த டிஜிட்டல் அலையின் பகுதிதான். படப்பெட்டி வந்து சேர்ந்ததா என்று கொட்டகை வாசலில் காத்திருந்த காலம் அதோடு முடிந்தது. ரீல் மாற்றும் ஆபரேட்டர் அங்கேயும் தேவைப்படவில்லை.

1992, பாரிஸ்

கருவி சிறிதாகிவிட்டது. ஆனால் பேசுகிறவர் கையில் அதை ஒப்படைத்தது ஒரு மென்பொருள். ராபர்ட் காஸ்கின்ஸும் டென்னிஸ் ஆஸ்டினும் ஃபோர்தாட் என்ற சிறிய நிறுவனத்தில் உருவாக்கிய பவர்பாயின்ட் 1987 ஏப்ரலில் மெக்கின்டாஷ் கணினிக்கு வந்தது. சில மாதங்களிலேயே மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. முதல் பவர்பாயின்ட் படம் காட்டவில்லை. ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கும் தாள்களை அச்சிட உதவியது. இரண்டாவது பதிப்பு வண்ண ஸ்லைடு செய்ய உதவியது. மோடம் வழியாகக் கோப்பை அனுப்பினால் ஜெனிகிராஃபிக்ஸ் என்ற நிறுவனம் ஸ்லைடாக்கித் தரும். கடை இன்னும் மூடப்படவில்லை.

1992 பிப்ரவரி 25. பாரிசின் ஹோட்டல் ரெஜினாவில் மைக்ரோசாஃப்ட் ஊழியர்கள் நூற்றுக்கணக்கில் கூடியிருந்தார்கள். காஸ்கின்ஸ் ஒரு லேப்டாப்பைக் கையில் இடுக்கிக்கொண்டு மேடைக்கு வந்தார். அங்கிருந்த வீடியோ கேபிளைச் செருகினார். பவர்பாயின்டின் மூன்றாவது பதிப்பை அதைக் கொண்டே, முழு வண்ணத்தில், திரையில் ஓட்டிக் காட்டினார். ஸ்லைடு பெட்டி இல்லை, கடை இல்லை. கைதட்டல் அரங்கை அதிர வைத்ததாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார். பேச்சு தொடங்கும் வரை, ஏன், பேசிக்கொண்டிருக்கும்போதே கூட மாற்றலாம் என்ற சுதந்திரம் அன்றைக்குப் பிறந்தது. கூடவே, படம் வராவிட்டால் கேட்க வேறு ஆள் இல்லை என்ற நிலையும் பிறந்தது.

பதினைந்து ஊசிகள்

லேப்டாப்புக்கும் புரொஜெக்டருக்கும் நடுவே நின்றது விஜிஏ. 1987 ஏப்ரலில் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு அறிமுகப்படுத்திய இணைப்பு. மூன்று வரிசைகளில் 15 ஊசிகள். முதல் மூன்று ஊசிகளில் சிவப்பு, பச்சை, நீலம் போகும். வரி எங்கே தொடங்குகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்ற தாளத்தைச் சொல்ல இரண்டு ஊசிகள்.

இது படக்குழாய் மானிட்டருக்காகப் பிறந்த அனலாக் இணைப்பு. லேப்டாப்பில் படம் எண்களாக இருக்கிறது. விஜிஏ அதை 0 முதல் 0.7 வோல்ட் வரையிலான மின்னழுத்தமாக மாற்றி அனுப்புகிறது. புரொஜெக்டர் அதை மறுபடி எண்களாக்குகிறது. தமிழில் எழுதியதை வேறு மொழியில் பெயர்த்து, மீண்டும் தமிழுக்கே பெயர்ப்பது போன்ற வேலை! இதனால்தான் எழுத்துகள் நடுங்குவதும் ஓரம் வெட்டுப்படுவதும். புரொஜெக்டரில் 'ஆட்டோ' என்ற பட்டன் இருப்பது, தாளத்தை மறுபடி சரியாகப் பிடிப்பதற்காக.

இன்னொரு குறையும் இருந்தது. கேபிளின் மறுமுனையில் என்ன இருக்கிறது, அது எந்த அளவு படத்தைக் காட்டும் என்று கணினிக்குச் சரியாகத் தெரியாது. முன்பெல்லாம் ஆபரேட்டர் பார்த்துச் சரிசெய்தார். இப்போது அவர் இல்லையே? 1994ல் வீசா என்ற தொழில் அமைப்பு இதற்கு ஒரு வழி செய்தது. விஜிஏவின் 12, 15ஆம் ஊசிகள் வழியாகத் திரை தன்னைப் பற்றிய 128 பைட் குறிப்பு ஒன்றை அனுப்பும். தயாரித்தவர் யார், எந்தெந்த அளவுகள் காட்ட முடியும் என்பன அதில் இருக்கும். இதற்கு 'எடிட்' என்று பெயர். விளக்குக்குப் பின்னால் நின்ற மனிதரின் அனுபவ அறிவு, 128 பைட்டாகச் சுருங்கியது என்று சொல்லலாம்.

அடுத்து வந்த எச்டிஎம்ஐயின் முதல் வரையறை 2002 டிசம்பரில் வெளியானது. படம் எண்ணாகவே போகிறது, ஒலியும் கூடவே போகிறது. 2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ முதலிய நிறுவனங்கள் 2015க்குள் விஜிஏவைக் கைவிடப் போவதாக அறிவித்தன. ஆனாலும் பல வகுப்பறைச் சுவர்களில் அந்த நீலத் தலை கேபிள் அதற்குப் பிறகும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. 2014ல் வரையறுக்கப்பட்ட யுஎஸ்பி-சி வழியாகவும் படம் அனுப்ப முடியும். ஆனால் எல்லா லேப்டாப்பின் யுஎஸ்பி-சி துளையும் படம் தருவதில்லை.

உள்ளே எரிவது என்ன?

1995ல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய யுஎச்பி விளக்குதான் சிறிய புரொஜெக்டரைப் பிரகாசமாக்கியது. சிறிய குமிழுக்குள் பாதரச ஆவி, வெளிக் காற்றைப் போல் சுமார் 200 மடங்கு அழுத்தத்தில். ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள இடைவெளியில் மின்வில் எரியும். ஒளி ஒரு புள்ளியிலிருந்து புறப்படுவதால் சிறிய சில்லின் மேல் குவிப்பது எளிது. ஆனால் சூடு கடுமை. எனவேதான் வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கக் கூடாது என்பார்கள். விசிறி நிற்கும் வரை காத்திருந்தால் விளக்கு நீண்ட நாள் வரும்.

நீல எல்இடிக்கு வழி கண்டதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 2014ல் நோபல் பரிசு பெற்றார்கள். அதே வகைப் பொருளிலிருந்து வந்தது நீல லேசர். 2010ல் காசியோ லேசரையும் எல்இடியையும் சேர்த்துப் பாதரசம் இல்லாத புரொஜெக்டர்களை வெளியிட்டது. நீல லேசர் ஒரு ஒளிர்பொருளின் மேல் பட்டு வேறு நிற ஒளியைத் தருகிறது. இவற்றில் சூடு ஆறக் காத்திருக்கும் வேலை குறைவு.

படம் வர என்ன செய்ய வேண்டும்?

இந்த வரலாறு தெரிந்தால் இணைப்பது மனப்பாடம் செய்ய வேண்டிய சடங்காக இருக்காது. ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு.

1. முதலில் புரொஜெக்டரை இயக்கி, கேபிளைச் செருகி, அதன் பிறகு லேப்டாப்பை இயக்குவது நல்லது. அப்போதுதான் தொடக்கத்திலேயே லேப்டாப் அந்த 128 பைட் குறிப்பைப் படிக்கும்.

2. 'நோ சிக்னல்' என்றால் புரொஜெக்டர் வேறு வாசலில் காத்திருக்கலாம். 'சோர்ஸ்' பட்டனை அழுத்திச் சரியான வாசலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

3. லேப்டாப் வெளியே படம் அனுப்புகிறதா என்று பார்க்க வேண்டும். 2000களின் லேப்டாப்புகளில் எஃப்என் சாவியோடு திங்க்பேடில் எஃப்7, டெல்லில் எஃப்8, தோஷிபாவில் எஃப்5 என்று ஆளுக்கொரு வழி. 2009ல் வந்த விண்டோஸ் 7 முதல் விண்டோஸ் சாவியும் பி-யும் சேர்ந்தால் போதும். 'டூப்ளிகேட்' என்றால் இரண்டிலும் ஒரே படம். 'எக்ஸ்டெண்ட்' என்றால் சுவர் ஒரு தனித் திரை. ஸ்லைடு லேப்டாப்பிலேயே நின்று சுவரில் வெறும் வால்பேப்பர் தெரிந்தால் காரணம் இதுதான்.

4. 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று வந்தால் இணைப்பு சரி, அளவுதான் தவறு. ரெசல்யூஷனைக் குறைத்து, புதுப்பிக்கும் வேகத்தை 60 ஹெர்ட்ஸாக வைக்க வேண்டும்.

5. விஜிஏவில் படம் முழுக்க ஒரே சாயலாக இருந்தால் ஒரு ஊசி வளைந்திருக்கிறது. பச்சை போனால் படம் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாகும், நீலம் போனால் மஞ்சளாகும், சிவப்பு போனால் பச்சை கலந்த நீலமாகும்.

6. விஜிஏவில் ஒலி போகாது. தனி ஆடியோ கேபிள் வேண்டும். எச்டிஎம்ஐயில் ஒலி புரொஜெக்டருக்கே போய்விடும். லேப்டாப் ஊமையாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

7. படம் மேலே அகலமாக, கீழே குறுகலாக விழுந்தால் 'கீஸ்டோன்' திருத்தம் இருக்கிறது. ஆனால் அது சில புள்ளிகளைக் கைவிட்டுத்தான் படத்தை நேராக்குகிறது. முடிந்தால் கருவியையே நேராக வைப்பது நல்லது.

காணாமல் போன ஆள்

ஹைகன்ஸின் விளக்கிலிருந்து பாரிஸ் ஹோட்டலின் மேடை வரை 333 ஆண்டுகள். இடையில் வாயுவைக் கவனித்தவர், ஸ்லைடை மாற்றியவர், ஃபிலிம் கழுவியவர், மூன்று நிறங்களைப் பொருத்தியவர் என்று எத்தனையோ பேர் வேலை செய்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரின் வேலையையும் ஒரு கண்ணாடி, ஒரு சில்லு, ஒரு குறிப்பு எடுத்துக்கொண்டது. அதனால் கிடைத்த நன்மை பெரிது. ஒரு காலத்தில் நாசாவுக்கும் பெரிய அரங்குகளுக்கும் மட்டுமே கிடைத்த வசதி இன்று ஒரு மாணவர் கையில் இருக்கிறது.

ஆனால் எல்லா வேலையையும் இயந்திரம் எடுத்துக்கொள்ளவில்லை. மிச்சம் இருக்கும் கொஞ்ச வேலை பேசுகிறவருடையது. பத்து நிமிடம் முன்னதாகப் போய்க் கேபிளைச் செருகிப் பார்ப்பது, ஸ்லைடுகளை ஒரு பென் டிரைவிலும் வைத்துக்கொள்வது, மாற்று இணைப்பான் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்வது. அந்தப் பத்து நிமிடத்துக்கு அவரே ஆபரேட்டர். அதையும் மீறிப் படம் வராவிட்டால்? ஹைகன்ஸின் தம்பி போல யாரோ லென்சைக் கழற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் தொடங்கிவிட வேண்டியதுதான். சொல்ல விஷயம் இருந்தால் கரும்பலகையும் போதும்.